‘எடுத்தேன்’ என்று எழுதிய ஐந்து நாட்கள்

கள்ளிக்குப்பம்
22 ஜூன் 2025, ஞாயிறு

தங்கச்சி தாட்சாயிணிக்கு, அண்ணன் திருவேங்கடம் எழுதுவது.

இதை நானே எழுதுகிறேன். மகன் உத்தமன் எழுதவில்லை, பானுப்பிரியாவும் எழுதவில்லை. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். நான் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு முறைதான் கேட்டேன்.

போன ஆகஸ்டில் இங்கே பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். பதினாலு பேர். அதில் பதின்மூன்று பேர் பெண்கள். எனக்குக் காது கேட்காது என்று நினைத்து ரியா டீச்சர் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார். காது நன்றாகவே கேட்கும், ஆனால் இடம் பிடித்திருந்ததால் நான் சொல்லவில்லை. மார்ச்சில் பரீட்சை எழுதிப் பாஸ் ஆனேன். இத்தனை வருடம் நம்பரைப் பார்த்து ஏறிய பஸ், எங்கே போகிறேன் என்று இப்போது அதுவே எனக்குச் சொல்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் தோண்டாத தெரு இல்லை. அந்தத் தெருக்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. போன மாதம் போய் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு வந்தேன்.

போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. ஆறு வருடமாக எடுக்கவில்லை. கடிதம் என்றால் பிரித்துப் பார்ப்பாய் என்று நினைத்தேன்.

விஷயம் என்னவென்றால், எனக்கு இதயத்தில் கோளாறு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நாடியைப் பிடித்தால் இரண்டு அடி, ஒரு இடைவெளி, பிறகு அவசரமாக ஐந்து அடி. பிப்ரவரியில் பூந்தமல்லி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். மேலறை துடிக்காமல் நடுங்குகிறது, அது விட்டு விட்டு வருவதில்லை, நிரந்தரமாகவே அப்படி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஏப்ரலில் மயக்கம் கொடுத்து ஒரு ஷாக் வைத்தார்கள். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் வாங்காத ஷாக்கை ஆஸ்பத்திரியில் வாங்கினேன். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு பழையபடி ஆகிவிட்டது.

இப்போது வேறு வைத்தியம் சொல்கிறார். தொடையில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம் வரை கொண்டுபோவார்களாம். அந்தக் கம்பி உள்ளே தொட்டுத் தொட்டு, எங்கே மின்சாரம் சரியாக ஓடுகிறது, எங்கே திருட்டு மின்சாரம் கிளம்புகிறது என்று கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுவிடும். கெட்ட இடத்தை மட்டும் சுடுவார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.

எனக்கு இது உடனே புரிந்தது. கேபிள் பழுதானால் எஸ்டேட் ரோடு முழுக்கவா தோண்டுவோம்? முதலில் வண்டி வரும். கேபிளுக்குள் கரண்டைத் தட்டி விடுவார்கள். தரைக்குள் எங்கே ‘டப்’ என்று கேட்கிறதோ அங்கேதான் கடப்பாரை. தரையில் காதை வைத்துக் கேட்கும் வேலை என்னுடையது. இதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அதேதான் ஐயா. இங்க காதுக்குப் பதிலா கம்ப்யூட்டர்” என்றார்.

உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. எழுத நாலு மாலை ஆனது. நீ பதில் போட்டால் நானே படிப்பேன்.

திருவேங்கடம்


வெள்ளானூர்
1 ஜூலை 2025

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. எழுத்து புரிகிறது. இருபத்தாறு வருடம் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டியவள் என்பதால் சொல்கிறேன், உன் கை திருத்தமாக இருக்கிறது.

இதய வைத்தியம் பற்றி மகள் சுவேதாவிடம் கேட்டேன். இப்போது நிறையப் பேருக்குச் செய்கிறார்கள் என்று சொன்னாள். செய்துகொள்.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். பஸ், தெருப் பெயர், கேபிள் எல்லாம் இருக்கிறது. பால்குடம் என்ற சொல் மட்டும் இல்லை. 2019 ஆடித் திருவிழாவில், சம்பத் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தபோது, வருடா வருடம் எடுக்கிற குடத்தை நான் அன்றும் எடுத்துக்கொண்டு வந்தேன். உங்கள் கோயில் வாசலில் கமிட்டி நடேசன் என்ன சொன்னான் என்பது உனக்கு நினைவிருக்கும். “தாலி இல்லாதவங்க கொடம் எடுக்கக் கூடாது, அப்படி ஓரமா வைச்சுட்டுப் போம்மா” என்றான். ஊரே நின்றது. நீயும் நின்றாய். நாலு அடி தூரத்தில்.

எழுதக் கற்றுக்கொண்டது சந்தோஷம்.

தாட்சாயிணி


கள்ளிக்குப்பம்
12 ஜூலை 2025

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை முதல் முறை படிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் முறை பத்து நிமிடம்தான். மற்றவர்கள் படித்துக் காட்டும்போது ஒரு முறைதான் கேட்க முடியும். சொந்தமாகப் படித்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது எனக்குப் புதிது.

பால்குடம் பற்றிக் கேட்டாய். அன்று என் இரண்டு கன்னத்திலும் அலகு குத்தியிருந்தது. வேல் ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வந்திருந்தது. வாயைத் திறக்க முடியாது. அது உனக்கே தெரியும்.

நாள் குறித்துவிட்டார்கள். ஆகஸ்டு 14, வியாழக்கிழமை. முந்தின நாள் சேர்ந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, காலையில் ஒன்று மாலையில் ஒன்று. மேலறை நடுங்கிக்கொண்டே இருந்தால் ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகுமாம். அந்தக் கட்டி இருக்கும்போது கம்பியை உள்ளே விட்டால் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போய்விடும். அப்புறம் கை கால் விழுந்துவிடும், இல்லையென்றால் உயிரே போய்விடும். அதனால் ஒரு நாள் கூட விடாமல் எடுக்க வேண்டும். விடாமல் எடுத்தவர்களுக்கு நேராகக் கம்பி. விட்டவர்களுக்கு மட்டும் தொண்டை வழியாகக் குழாய் விட்டு முதலில் ஸ்கேன் பார்ப்பார்கள்.

இதற்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு கட்டம். எல்லோரும் டிக் போடுகிறார்களாம். நான் கட்டத்துக்குள் ‘எடுத்தேன்’ என்று முழுதாக எழுதி மணியும் போடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நர்சு லூர்தம்மாள் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, வரிசையில் இருந்த மற்றவர்களிடம் தூக்கிக் காட்டினார். “படிச்சவங்களே இப்படி எழுதறதில்ல. ஐயாவப் பாருங்க” என்றார். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் நான் உட்காரவில்லை. உட்கார இடம் இருந்தது, தோன்றவில்லை.

பதினாலாம் தேதி நீ வரலாம். வர வேண்டும் என்று சொல்லவில்லை.

திருவேங்கடம்


வெள்ளானூர்
18 ஜூலை 2025

அண்ணனுக்கு,

அலகை அன்று மாலை ஐந்து மணிக்கு எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு வருடம் உன் வாய் காலியாகத்தான் இருந்தது.

வருவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

நேற்று ஆடி பிறந்துவிட்டது. மூன்றாம் ஞாயிறு உங்கள் திருவிழா. இந்த வருடமும் குத்திக்கொள்ளப் போகிறாயா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் கன்னத்தில் கம்பி குத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டாயா? கேட்டுவிட்டு எழுது.

தாட்சாயிணி


கள்ளிக்குப்பம்
6 ஆகஸ்டு 2025

தங்கச்சிக்கு,

நீ கேட்டதற்கு உடனே பதில் போடவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் கூடாது என்பார், அது எனக்குத் தெரியும்.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். உத்தமனுக்கும் மருமகளுக்கும் தெரியாது. நேற்றும் முந்தாநாளும் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது தாள்.

ஜூன் மாதக் கடைசியில் சவரம் செய்யும்போது தாடையில் சின்னதாகக் கீறிவிட்டது. துண்டை வைத்து அழுத்தியும் ஒரு மணி நேரம் நிற்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஆடி நினைப்புதான். அலகு குத்தினால் ரத்தம் வராது. முப்பத்துநாலு வருடத்தில் எனக்கு ஒரு சொட்டு வந்ததில்லை. வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேளத்தை நிறுத்திவிடுவார்கள். விரதத்தில் சுத்தம் இல்லை, அம்மன் ஏற்கவில்லை என்று ஓரமாக உட்கார வைப்பார்கள்.

போன மாதம் முப்பதாம் தேதி காலையில் மாத்திரையை நிறுத்தினேன். முப்பது, முப்பத்தொன்று, ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து நாள் எடுக்கவில்லை. மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அலகு குத்திக்கொண்டேன். விபூதி வைத்துக் குத்தினார்கள், ரத்தம் வரவில்லை. நடேசன் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை.

நாலாம் தேதி காலையில் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தேன். அட்டையை எடுத்தேன். பத்துக் கட்டம் காலியாக இருந்தது. அதற்கு முன்னால் இருந்த கட்டங்களில் எல்லாம் என் எழுத்து. நர்சு எல்லோருக்கும் காட்டிய எழுத்து. பத்துக் கட்டத்திலும் ‘எடுத்தேன்’ என்று எழுதி, மணியும் போட்டேன். காலை 8.10, மாலை 8.00, காலை 8.15 என்று மாற்றி மாற்றிப் போட்டேன். இதற்கு முன்னால் நான் பொய் சொன்னதே இல்லை என்று சொல்லமாட்டேன். கையால் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஐந்தாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனேன். லூர்தம்மாள் அட்டையைப் பார்த்தார். ஒரு நாள் கூட விடவில்லை, அதனால் தொண்டை ஸ்கேன் தேவையில்லை, பதினாலாம் தேதி நேராகச் செய்யலாம் என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். நான் அங்கேயே நின்றேன். கன்னத்தில் இருந்த இரண்டு வடுவுக்கும் மஞ்சள் தடவியிருந்தேன். லூர்தம்மாள் அதையும் பார்த்தார், ஆனால் கேட்கவில்லை.

பதினாலாம் தேதிக்குள் பத்து நாள் மாத்திரை ஏறிவிடும், போதும் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துப் போதாது என்று நினைக்கிறேன்.

எதற்காக இந்த வயதில் குத்திக்கொள்கிறாய் என்று கேட்பாய். 1991-இல் சுவேதா பிறந்தபோது உனக்குப் பிரசவ ஜன்னி வந்து மூன்று நாள் கண் திறக்கவில்லை. சம்பத் ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக் கிடந்தான். நான் இங்கே வந்து, என் தங்கச்சி கண் திறந்தால் உயிர் இருக்கும்வரை ஆடிக்கு ஆடி அலகு குத்துகிறேன் என்று அம்மனிடம் சொன்னேன். என் பெண்டாட்டிக்கு மட்டும் தெரியும். அவளும் போய்விட்டாள். கொரோனா வருடங்களில் கோயில் பூட்டியிருந்தது. வீட்டிலேயே குத்திக்கொண்டேன்.

உன் பேரில் செய்தது. அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

திருவேங்கடம்


வெள்ளானூர்
9 ஆகஸ்டு 2025, சனிக்கிழமை

அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. இன்று காலை ஆவடி போய் அங்கிருந்து பஸ் மாறி எட்டரை மணிக்கு உன் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கடிதத்தை நர்சு லூர்தம்மாள் கையில் கொடுத்துவிட்டேன்.

என்னிடம் மட்டும் சொன்னதாக எழுதியிருந்தாய். வாய் மூடி நிற்பதற்கு நான் உங்கள் கோயில் கமிட்டியில் இல்லை.

அந்த அம்மா முதலில், பேஷண்டுக்கு நீங்கள் யார் என்று கேட்டார். தங்கச்சி என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. நின்றுகொண்டே கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு உன் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “ரெண்டையும் ஒரே கைதாம்மா எழுதியிருக்கு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடிதத்தை ஒரு நகல் எடுத்துக்கொண்டு அசலை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் உங்கள் வீட்டுக்குப் போன் செய்வார். பதின்மூன்றாம் தேதி தொண்டை ஸ்கேன் உண்டு. நீ மாட்டேன் என்றால் பதினாலாம் தேதியும் கிடையாது.

வேண்டுதல் பற்றி எழுதியிருக்கிறாய். முப்பத்துநாலு வருடம் கழித்துச் சொல்கிறாய். நான் கண் திறக்க வேண்டும் என்று வேண்டினாய். திறந்தேன். அந்தக் கண்ணால்தான் அன்று குடத்தோடு நின்று உன்னைப் பார்த்தேன். என் பேரில் கன்னத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறவன், எனக்காக ஒரு தலையசைப்பு அசைத்திருக்கலாம். தலையில் அலகு இல்லை.

இது உன்னைக் காட்டிக்கொடுத்ததாகத் தோன்றினால் தோன்றட்டும்.

தாட்சாயிணி


கள்ளிக்குப்பம்
20 ஆகஸ்டு 2025

தங்கச்சிக்கு,

இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். உத்தமன் பேசவே இல்லை. பானுப்பிரியா பேசினாள். “இன்னா மாமா, சாமிக்குப் பயந்துகினு எங்களையெல்லாம் நடுத்தெருவுல வுட்டுட்டுப் போவப் பாத்தியே” என்று சொல்லிவிட்டு மாத்திரை டப்பாவைத் தன் பீரோவில் வைத்துக்கொண்டாள். இப்போது அவள் கையால்தான் எனக்கு மாத்திரை.

பதின்மூன்றாம் தேதி தொண்டையில் மருந்து தெளித்து ஒரு குழாயை விழுங்கச் சொன்னார்கள். இடது மேலறையின் ஓரத்தில் காது மடல் மாதிரி ஒரு பை இருக்கிறதாம். அதற்குள் ரத்தக்கட்டி இருந்தது. எட்டு மில்லிமீட்டர். டாக்டரம்மா திரையில் காட்டினார். பார்க்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருந்தது, சாம்பல் நிறத்தில், மெதுவாக ஆடிக்கொண்டு. இந்த ஐந்து நாளில்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். பிறகு, “இது தெரியாம கம்பிய உள்ள விட்டிருந்தா, டேபிள்லயே உங்களுக்குக் கை கால் விழுந்திருக்கும் ஐயா. உங்க தங்கச்சி வந்ததால தெரிஞ்சுது” என்றார்.

பதினாலாம் தேதி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாதம் மாத்திரை எடுத்த பிறகு திரும்பப் பார்ப்பார்கள்.

என் கோப்பில் உன்னிடம் இருக்கும் கடிதத்தின் நகலைக் குத்தி வைத்திருக்கிறார்கள். ஈசிஜி தாளுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் நடுவில் இருக்கிறது. வருகிற டாக்டர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். ஒரு சின்ன டாக்டர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர் ஒரு இடத்தில் கூடத் தடுக்காமல் படித்தார் என்பதையும் கவனித்தேன்.

புது அட்டை கொடுத்தார்கள். நான் எப்படி எழுத வேண்டும் என்று கேட்டேன். “எடுக்காத நாள் வந்தா காலியா விடுங்க. காலியா இருக்கறதும் எங்களுக்கு ஒரு தகவல்தான்” என்றார் லூர்தம்மாள்.

இனி நீ கேட்டது. இதற்கு முன்னால் எழுதியது எதுவும் இவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

அன்று மாலை அலகை எடுத்த பிறகு தண்ணீர் குடித்தேன். உன் குடம் கோயில் சுவரோரம் வைத்தபடியே இருந்தது. வேப்பிலை வாடியிருந்தது. நடேசன் என் எதிரில் உட்கார்ந்திருந்தான். என் தங்கச்சியை ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். வாய் நன்றாகத் திறந்தது. அப்போது, அடுத்த வருடத்திலிருந்து கோயிலில் முதல் மாலை மரியாதை திருவேங்கடத்துக்குத்தான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதனால் கேட்கவில்லை. அலகு காரணம் இல்லை.

திருவேங்கடம்


வெள்ளானூர்
30 ஆகஸ்டு 2025

அண்ணனுக்கு,

அந்த முதல் மாலை பற்றி எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக நீ பயந்தாய் என்றுதான் நினைத்திருந்தேன். பயம் என்று நினைத்தபோதே கோபம் இருந்தது. இப்போது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் தப்பான விஷயத்துக்குக் கோபப்பட்டே செத்திருப்பேன்.

சுவேதா சொன்னாள், வைத்தியம் நல்லபடி முடிந்தாலும் அந்த மாத்திரை தொடரும் என்று. அப்படியென்றால் அடுத்த ஆடியும் வரும். அப்போதும் ஐந்து நாள் நிறுத்துவாயா? இதற்கு எனக்குப் பதில் வேண்டும். சத்தியம் வேண்டாம். உன் அலகை என்னிடம் அனுப்பு.

தாட்சாயிணி


கள்ளிக்குப்பம்
5 நவம்பர் 2025

தங்கச்சிக்கு,

முடிந்தது. அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி மறுபடி குழாயை விழுங்கினேன். கட்டி கரைந்திருந்தது. முப்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

முழு மயக்கம் இல்லை, அரைத் தூக்கம். தொடையில் ஊசி குத்தியது தெரிந்தது. அதற்குப் பிறகு வலியை விடக் குளிர்தான் அதிகம். தலையைத் திருப்பினால் திரை தெரிந்தது. முதலில் திரையில் ஒன்றுமில்லை. கம்பி தொடத் தொட ஒவ்வொரு புள்ளியாகச் சேர்ந்து என் மேலறை அதில் உருவானது. உள்ளே நாலு ரத்தக்குழாய் வந்து திறக்கிறது. நல்ல இடம் ஊதா நிறம். வடு விழுந்த இடம் சிவப்பு. கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தவர் எண் எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஒரு வார்த்தைதான் பதில் சொன்னார். மின்வாரியத்தில் எங்கள் கேங்கிலும் இப்படித்தான், வேலை நடக்கும்போது யாரும் வாக்கியமாகப் பேசமாட்டார்கள்.

அந்த நாலு வாயைச் சுற்றித்தான் சுட வேண்டும் என்று முதலில் சொல்லியிருந்தார். வரைபடத்தில் பின்சுவரிலும் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு இருந்தது. அதையும் சேர்த்துச் சுட்டார்கள். அப்போது மட்டும் முதுகுப் பக்கம் எரிந்தது. கடைசியில் ஒரு ஷாக். மூன்றரை மணி நேரம் ஆனது. அதன் பிறகு ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடந்தேன்.

நாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று. அவ்வளவுதான். சொல்வதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. மூன்று மாதம் வரை நடுவில் தப்பினாலும் தப்பும், பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று மாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கினேன். பானுப்பிரியா திட்டினாள்.

உன் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி கோயில் கமிட்டி கூடியது. நான் ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். புருஷன் இல்லாத பெண்களும் பால்குடம் எடுக்கலாம் என்று கமிட்டி முடிவு செய்ய வேண்டும், 2019-இல் என் தங்கச்சி தாட்சாயிணியைத் தடுத்தது தப்பு, அன்று நான் பேசாமல் இருந்ததும் தப்பு. மூன்று விஷயம்தான். ஒரு பக்கம் வந்தது.

நடேசன், “இன்னாண்ணாத்தே, எழுதக் கத்துகினதும் மனு குடுக்க ஆரம்பிச்சிட்டியா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டே படித்தேன். மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. நடுவில் யாரோ, “சீக்கிரம் ஆவட்டும், மழ வர மாதிரி கீது” என்றார்கள். முடிக்கும் வரை படித்தேன்.

ஒன்பது பேர் முடியாது என்றார்கள். மூன்று பேர் ஒன்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மூன்று பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, மனு தோற்றுவிட்டது. கமிட்டியில் என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தேன். முதல் மாலையும் இனி எனக்கு இல்லை. நடேசன் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறான்.

பானுப்பிரியா கையில் இந்தக் கடிதத்தோடு அலகையும் கொடுத்து அனுப்புகிறேன். சிவப்புத் துணியில் சுற்றியிருக்கிறது. கூர்முனையில் எலுமிச்சம்பழம் குத்தியிருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்துப் பிரி. இது இல்லாமல் அடுத்த ஆடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மனிடம் நான் சொன்ன வார்த்தையை முறிக்கிறேனா என்றும் தெரியவில்லை. ஆனால் நீ கேட்டாய்.

டிசம்பர் நாலாம் தேதி ஆஸ்பத்திரியில் பரிசோதனை.

திருவேங்கடம்


வெள்ளானூர்
19 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

அலகு பத்திரமாக வந்தது. பானுப்பிரியாவுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினேன். நீ மாடி ஏறியதை அவளும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை இங்கே அம்மன் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பூசாரி திண்ணமாகச் சொல்லக்கூடியவர், வழவழ என்று பேசமாட்டார். முழுக் கதையையும் சொன்னேன். மாத்திரை, அட்டை, கட்டி எல்லாம். கேட்டுவிட்டு, “யாரு பேர்ல வேண்டினாரோ அவங்களே கொணாந்து செலுத்திட்டா வேண்டுதல் முடிஞ்சுபோச்சு. இனிமே அவரு கன்னத்த வுட்டுடலாம்” என்றார். அம்மன் காலடியில் வைத்து எடுத்து உண்டியலில் போட்டேன். உள்ளே விழும்போது சத்தம் கேட்டது. அவ்வளவுதான், முடிந்தது. நீ எதையும் முறிக்கவில்லை. நான் முடித்து வைத்தேன்.

மனு விஷயம். அவர்கள் சம்மதித்திருந்தாலும் நான் அங்கே இனிக் குடம் எடுத்து வரமாட்டேன். ஆனால் அந்த மனுவின் நகல் இருந்தால் எனக்கு ஒன்று வேண்டும். இல்லையென்றால் திரும்ப எழுது. உனக்கு இப்போது நேரம் இருக்கிறதே.

எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத முடியாது. பழைய இடத்தில் இல்லை, அதுதான் சொல்ல முடியும். உன் வீட்டுக்கு இப்போதைக்கு வரமாட்டேன். அந்தத் தெருவில் நடக்க எனக்கு மனமில்லை. நீயும் இங்கே வர வேண்டாம், வந்தால் இருவரும் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம்.

ஆஸ்பத்திரி நல்ல இடம். அங்கே யாரையும் ஓரமாக நிற்கச் சொல்வதில்லை. டோக்கன் வரிசைதான். நாலாம் தேதி ஆவடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன், உனக்கு டோக்கன் எடுத்து வைக்கிறேன்.

தாட்சாயிணி